நடுப்படி இல்லாத துறை: பாலிடெக்னிக் கணினிப் படிப்பும் ஐ.டி. வேலையும்

சென்னை தரமணியில் உள்ள சென்ட்ரல் பாலிடெக்னிக் 1916-இல் மெட்ராஸ் டிரேட்ஸ் ஸ்கூல் என்ற பெயரில் தொடங்கப்பட்டது. அதே தரமணியில் 2000-ஆம் ஆண்டு டைடல் பார்க் என்ற ஐ.டி. வளாகம் திறக்கப்பட்டது. அதன் பின்னர் பழைய மாமல்லபுரம் சாலை நெடுகிலும் மென்பொருள் நிறுவனங்கள் வரிசையாக எழுந்தன. நூறாண்டு கண்ட தொழிற்கல்வி நிலையமும் நாட்டின் பெரிய வேலைச் சந்தைகளுள் ஒன்றும் இப்படிப் பக்கத்தில் பக்கத்தில் அமைவது அரிது. ஆனாலும் தமிழ்நாட்டின் பாலிடெக்னிக்குகளில் கணினிப் பொறியியல் டிப்ளமோ முடித்தவர்களில் பெரும்பாலோர் அந்தக் கட்டடங்களுக்குள் நேராக நுழைந்ததில்லை. இடையில் இன்னொரு கல்லூரிக்குப் போய்ப் பட்டம் வாங்கிக்கொண்டுதான் நுழைந்தார்கள். இதற்கு மாணவர்களின் தரத்தைக் காரணம் காட்டுவது வழக்கமாகிவிட்டது. உண்மையான காரணம் அந்தத் துறையின் அமைப்பிலேயே இருக்கிறது.

பாலிடெக்னிக் என்ற கல்விமுறை எதற்காக உருவானது என்பதிலிருந்து தொடங்கினால்தான் இது விளங்கும். பத்தாம் வகுப்பு முடித்தவரை மூன்றாண்டு, ஆறு பருவங்கள் படிக்கவைத்து, பதினெட்டு வயதில் வெளியே அனுப்பும் படிப்பு இது. பொறியாளருக்கும் தொழிலாளிக்கும் நடுவே நின்று, வரைபடத்தைப் படித்து, வேலையைப் பங்கிட்டு, அளந்து சரிபார்க்கும் மேற்பார்வையாளரைத் தருவதே இதன் நோக்கம். பொதுப்பணித் துறையிலும் மின்வாரியத்திலும் ரயில்வேயிலும் நெசவாலைகளிலும் வாகனத் தொழிற்சாலைகளிலும் இந்த நடுப்படி இருந்தது, இன்றும் இருக்கிறது. இளநிலைப் பொறியாளர், தொழில்நுட்ப உதவியாளர், மேற்பார்வையாளர் என்று பெயர் மாறினாலும் டிப்ளமோவே அந்தப் பதவிகளின் அடிப்படைத் தகுதி. சிவிலோ மெக்கானிக்கலோ படித்தவர் தமக்கு மேலே பொறியியல் பட்டதாரி இருப்பதை அறிந்தே சேர்ந்தார். தமக்குக் கீழே ஐ.டி.ஐ. முடித்த பிட்டரும் வெல்டரும் இருந்ததால் தம் இடம் எது என்பதில் அவருக்குக் குழப்பம் இருக்கவில்லை.

மென்பொருள் துறையில் அந்தப் படி இல்லை. நிரல் எழுதும் குழுவில் வரைபடம் போடுபவர் ஒருவர், அதைக் கட்டுபவர் இன்னொருவர், இருவருக்கும் நடுவில் மேற்பார்ப்பவர் மூன்றாமவர் என்ற பிரிவினை கிடையாது. புதிதாகச் சேர்பவரும் நிரல்தான் எழுதுகிறார், ஐந்தாண்டு அனுபவம் உள்ளவரும் நிரல்தான் எழுதுகிறார். ஆகவே டிப்ளமோவுக்கு என்று தனியாக ஒரு பதவி உருவாகவே இல்லை. அரசுத் துறைகள்கூட இதில் தடுமாறியிருக்கின்றன. ரயில்வே தேர்வு வாரியத்தின் 2018-ஆம் ஆண்டு இளநிலைப் பொறியாளர் அறிவிப்பில் சிவில், மெக்கானிக்கல், எலக்ட்ரிக்கல் பணியிடங்களுக்கு மூன்றாண்டு டிப்ளமோ போதும் என்றிருந்தது. தகவல் தொழில்நுட்பப் பிரிவின் இளநிலைப் பொறியாளர் பணிக்கு மட்டும் பி.சி.ஏ., பி.எஸ்சி. கணினி அறிவியல், பி.டெக்., பி.ஜி.டி.சி.ஏ. (கணினிப் பயன்பாட்டில் முதுநிலை டிப்ளமோ) போன்ற தகுதிகள் கேட்கப்பட்டிருந்தன. ஒரே பாலிடெக்னிக்கில் ஒரே ஆண்டில் தேறிய இருவரில் சிவில்காரர் தம் துறைப் பணிக்கு விண்ணப்பம் போடலாம், கணினிக்காரர் தகவல் தொழில்நுட்பப் பிரிவின் பணிக்குப் போட முடியாது. பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமான டி.ஆர்.டி.ஓ. தன் தொழில்நுட்ப உதவியாளர் பணிக்குக் கணினி டிப்ளமோவை ஏற்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆனால் அத்தகைய இடங்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவை.

தனியார் நிறுவனங்கள் பட்டத்தைப் பிடித்துக்கொண்டதற்கு வேறொரு காரணமும் உண்டு. இந்திய மென்பொருள் நிறுவனங்களின் வருமானம் பெருமளவு அமெரிக்க வாடிக்கையாளர்களிடமிருந்து வந்தது. வாடிக்கையாளரின் அலுவலகத்துக்கே ஆளை அனுப்பிவைப்பது அந்தத் தொழிலின் பகுதியாக இருந்தது. 1990-ஆம் ஆண்டின் அமெரிக்கக் குடியேற்றச் சட்டம் உருவாக்கிய எச்-1பி விசாவுக்கு இளநிலைப் பட்டம் அல்லது அதற்கு ஈடான தகுதி வேண்டும். கல்லூரிப் படிப்பில் குறையும் ஒவ்வோர் ஆண்டுக்கும் மூன்றாண்டுப் பணி அனுபவத்தைக் காட்டி ஈடுசெய்யலாம் என்ற வழி இருந்தாலும், ஆயிரக்கணக்கானோரை ஒரே வார்ப்பில் எடுக்கும் நிறுவனம் அந்தத் தொல்லையை ஏன் ஏற்கப்போகிறது? வேலைக்கு எடுக்கும்போதே பட்டம் உள்ளவராக எடுத்துவிட்டால் நாளைக்கு எங்கும் அனுப்பலாம். பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ அல்லது டிப்ளமோ, பட்டப்படிப்பு ஆகிய ஒவ்வொன்றிலும் அறுபது விழுக்காடு வேண்டும் என்ற கேம்பஸ் தேர்வு நிபந்தனையும் இந்த மனப்போக்கின் பகுதியே. அந்த வரிசையில் டிப்ளமோ பிளஸ் டூவுக்கு மாற்றாக எண்ணப்படுகிறதே ஒழிய, வேலைக்கான தகுதியாக எண்ணப்படுவதில்லை.

பொறியாளர்கள் போதாமல்போன காலத்தில்கூட நிறுவனங்கள் பாலிடெக்னிக் பக்கம் திரும்பவில்லை, கலை அறிவியல் கல்லூரிகள் பக்கமே திரும்பின. விப்ரோ 1990களிலேயே பி.எஸ்சி. முடித்தவர்களை எடுத்து, பிட்ஸ் பிலானியுடன் சேர்ந்து வேலை பார்த்துக்கொண்டே முதுநிலைப் பட்டம் படிக்கும் திட்டத்தைத் தொடங்கியது, டி.சி.எஸ். தன் இக்னைட் திட்டத்தில் அறிவியல் பட்டதாரிகளுக்குப் பயிற்சி கொடுத்து நிரலாளர்களாக்கியது. இயற்பியல் படித்தவர் நிரல் எழுதக் கற்றுக்கொள்ள முடியுமானால், மூன்றாண்டு கணினியே படித்த டிப்ளமோக்காரர் கற்றுக்கொள்ள மாட்டாரா என்ற கேள்வி நியாயமானது. ஆனால் நிறுவனத்தின் கணக்கு படிப்பின் உள்ளடக்கத்தைப் பார்க்கவில்லை, ஆண்டுகளைப் பார்த்தது. பி.எஸ்சி. என்பது பன்னிரண்டுடன் மூன்று, ஆகப் பதினைந்தாண்டுக் கல்வி. டிப்ளமோ என்பது பத்துடன் மூன்று. பதினைந்தாண்டு முழுநேரக் கல்வி என்ற ஒற்றை வரி நிபந்தனை டிப்ளமோக்காரரை வெளியே நிறுத்திவிடும்.

ஆகவே கணினி டிப்ளமோ நாளடைவில் வேறொரு பொருளைப் பெற்றது. அது வேலைக்கான படிப்பாக இருப்பதைவிட, பி.இ. படிப்புக்கான பக்கவாசலாக ஆனது. டிப்ளமோ முடித்தவர்கள் பொறியியல் கல்லூரியில் நேரடியாக இரண்டாமாண்டில் சேரலாம். லேட்டரல் என்ட்ரி எனப்படும் இந்தச் சேர்க்கைக்கான கலந்தாய்வைக் காரைக்குடி அழகப்பச் செட்டியார் அரசுப் பொறியியல் கல்லூரி நடத்திவந்திருக்கிறது. இதைப் போலவே பிளஸ் டூ முடித்தவர்களும் இரண்டாண்டு ஐ.டி.ஐ. முடித்தவர்களும் டிப்ளமோவின் இரண்டாமாண்டில் சேர வழி உண்டு. இவ்வாறு பத்தாம் வகுப்பிலிருந்து பி.இ. வரை ஆறு ஆண்டுகள் ஆகின்றன. பிளஸ் டூ வழியில் போனாலும் அதே ஆறு ஆண்டுகள்தாம். நேர இழப்பு எதுவும் இல்லை, வீட்டுக்கு அருகே குறைந்த செலவில் மூன்றாண்டை முடிக்கலாம், பிளஸ் டூ கட் ஆப் மதிப்பெண் பற்றிய பதற்றமும் இல்லை. அரசுப் பள்ளியில் படித்த முதல் தலைமுறை மாணவர்கள் பலருக்கு இது மிகவும் புத்திசாலித்தனமான வழி. இதைக் குறுக்கு வழி என்று இளக்காரமாகப் பேசுவோர் கணக்குப் போட்டுப் பார்ப்பதில்லை.

அந்த வழியில் இடறும் இடம் ஒன்று உண்டு, அது கணிதம். டிப்ளமோவில் கணிதத்தின் பெரும்பகுதி முதலாண்டோடு முடிந்துவிடும். அதன்பின் இரண்டாண்டு இடைவெளி விட்டு, அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறையில் கணினிப் பொறியியலின் மூன்றாம் பருவத்தில் சேரும் மாணவர், முதல் நாளே டிஸ்க்ரீட் மேத்தமேட்டிக்ஸ் பாடத்தை எதிர்கொள்கிறார். உடன் படிப்பவர்கள் பிளஸ் டூ கணிதத்தையும் முதலாண்டின் இரண்டு கணிதத் தாள்களையும் முடித்துவிட்டு வந்திருப்பார்கள். ஆய்வகத்தில் டிப்ளமோக்காரர் முன்னே நிற்பார், கணிதத் தாளில் அரியர் வைப்பார் என்பது பொறியியல் ஆசிரியர்கள் நன்கறிந்த செய்தி. சில கல்லூரிகள் இணைப்பு வகுப்பு நடத்துகின்றன. பல கல்லூரிகள் மாணவரின் சாமர்த்தியத்துக்கே விட்டுவிடுகின்றன. லேட்டரல் என்ட்ரியை மனத்தில் வைத்துப் பாலிடெக்னிக்கில் சேர்பவர் இரண்டாம், மூன்றாம் ஆண்டுகளில் கணிதத்தைத் தாமாகவே தொடர்ந்து படித்துக்கொள்ள வேண்டும். அதை நினைவூட்டுபவர் அங்கே யாரும் இருக்க மாட்டார்.

பாடத்திட்டம் என்று பார்த்தால் அதில் பெரிய குறை சொல்ல முடியாது. முதலாண்டு எல்லாப் பிரிவினருக்கும் பொதுவானது: ஆங்கிலம், கணிதம், இயற்பியல், வேதியியல், பொறியியல் வரைகலை, பணிமனை. அதன் பிறகு சி மொழி, தரவுக் கட்டமைப்பு, இயக்குதளம், ஜாவா, தரவுத்தளம், வலையமைப்பு, இணைய நிரலாக்கம், கணினி வன்பொருளும் பழுதுபார்ப்பும் என்று வரிசையாக வரும். கடைசியில் ஒரு ப்ராஜெக்ட். தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் 2015, 2020, 2023 என்று சில ஆண்டுகளுக்கொருமுறை இதைத் திருத்தியும் வருகிறது. பட்டப்படிப்பைக் காட்டிலும் இங்கே செய்முறை நேரம் தாராளம். லினக்ஸ் ஆய்வகத்தில் கட்டளை அடிப்பதும், மதர்போர்டைக் கழற்றி மாட்டுவதும், நெட்வொர்க் கேபிளுக்கு முனை பொருத்தி கிரிம்பிங் செய்வதும் பதினேழு வயதிலேயே கைவந்துவிடுகின்றன.

குறை நடைமுறையில் இருக்கிறது. தமிழ்வழியில் பத்தாம் வகுப்பு முடித்த மாணவர் முதல் பருவத்திலேயே ஆங்கிலப் பாடநூல்களுக்குள் தள்ளப்படுகிறார். மொழி புரியாத இடத்தில் நிரலை மனப்பாடம் செய்கிறார். தேர்வில் வரக்கூடிய நிரல்களின் பட்டியல் முன்கூட்டியே தெரியும் என்பதால் ரெக்கார்டு நோட்டில் எழுதியதை அப்படியே அடித்துக் காட்டினால் மதிப்பெண் கிடைத்துவிடும். நிரலில் ஒரு வரியை மாற்றிக் கொடுத்து, இப்போது என்ன வரும் என்று கேட்டால் திகைப்பவர்கள் நல்ல மதிப்பெண் வாங்கியவர்களிலும் உண்டு. இறுதியாண்டு ப்ராஜெக்ட்டின் நிலைமை இன்னும் மோசம். நகரங்களில் ப்ராஜெக்ட் சென்டர் என்ற பெயரிலேயே கடைகள் நடக்கின்றன. பணம் கொடுத்தால் நிரலும் அறிக்கையும் வாய்மொழித் தேர்வுக்கான கேள்வி பதிலும் சேர்ந்தே கிடைக்கும். மூன்றாண்டில் மாணவர் சொந்தமாக ஒரு பொருளைச் செய்து பார்க்கக் கிடைத்த ஒரே வாய்ப்பு இப்படிக் கைமாறிப் போவதைத்தான் இந்தக் கல்விமுறையின் ஆகப்பெரிய இழப்பாக நான் கருதுகிறேன். அதே கோப்பு அடுத்த ஆண்டு இன்னொரு மாவட்டத்தில் இன்னொரு பெயருடன் சமர்ப்பிக்கப்படும்.

மென்பொருள் எழுதும் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தால், டிப்ளமோவுக்கு இயல்பாகப் பொருந்தும் ஐ.டி. வேலைகள் பல இருப்பது தெரியும். வங்கிக்கிளை, மருத்துவமனை, துணிக்கடை, கல்லூரி என்று எங்கும் கணினிகளும் பிரிண்டர்களும் கேமராக்களும் இருக்கின்றன. அவற்றை ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்தில் பார்த்துக்கொள்ளும் சிறு நிறுவனங்கள் ஒவ்வொரு மாவட்டத் தலைநகரிலும் உண்டு. பெரிய நிறுவனங்களில் சர்வீஸ் டெஸ்க் எனப்படும் உதவி மையத்தில் டிக்கெட் எனப்படும் புகாரைப் பதிந்து முதல்நிலைத் தீர்வு தருபவர்கள் எல்-1 என்றும், அதற்கு மேற்பட்ட சிக்கலைப் பார்ப்பவர்கள் எல்-2 என்றும் அழைக்கப்படுகிறார்கள். வலையமைப்புக் கண்காணிப்பு, சர்வர் பராமரிப்பு, மென்பொருள் சோதனை ஆகியவையும் இந்த வகைதான். அம்பத்தூர், சிறுசேரி ஆகிய இடங்களில் எழுந்துள்ள தரவு மையங்கள் இதில் தனியாகக் குறிப்பிடத்தக்கவை. அங்கே சர்வரை மட்டும் தெரிந்தால் போதாது. மின்சாரம், குளிரூட்டல், கேபிள் அமைப்பு ஆகியவற்றையும் சேர்த்துப் புரிந்துகொண்டு இரவு ஷிப்டில் நிதானமாக முடிவெடுக்கும் ஆள் வேண்டும். பணிமனையில் நின்று பழகிய பாலிடெக்னிக் மாணவருக்கு இது பொருத்தமான இடம். பழைய தொழிற்சாலையின் நடுப்படியை ஓரளவு இங்கேதான் மீண்டும் காண்கிறோம்.

இத்தகைய வேலைகளில் பட்டத்தைவிடத் தொழிற்சான்றிதழுக்கு மதிப்பு அதிகம். வலையமைப்புக்கான சிஸ்கோ நிறுவனத்தின் சி.சி.என்.ஏ., லினக்ஸ் நிர்வாகத்துக்கான ரெட் ஹேட் நிறுவனத்தின் ஆர்.எச்.சி.எஸ்.ஏ. போன்றவை வேலை விளம்பரங்களில் பெயர் சொல்லிக் கேட்கப்படுகின்றன. சி.சி.என்.ஏ. மூன்றாண்டுக்கே செல்லுபடியாகும், பிறகு புதுப்பித்தாக வேண்டும். தேர்வுக் கட்டணம் ஒரு சாதாரணக் குடும்பத்துக்குப் பெரிய தொகை என்பதால், பயிற்சி நிலையங்களின் விளம்பரத்தை நம்பி முதலாண்டிலேயே பணத்தைக் கட்டிவிடாமல், வலையமைப்புப் பாடத்தைக் கல்லூரியில் முடித்த பின் எழுதுவதே அறிவுடைமை.

வேலைக்கு இட்டுச்செல்லும் இன்னொரு வழி தொழில் பழகுநர் பயிற்சி. 1961-ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டம் முதலில் ஐ.டி.ஐ. நிலையிலான தொழிலாளர்களை மனத்தில் வைத்தே இயற்றப்பட்டது. 1973-இல் செய்யப்பட்ட திருத்தத்தால் பட்டதாரிகளும் டிப்ளமோ முடித்தவர்களும் அதற்குள் வந்தார்கள். முப்பது பேரோ அதற்கு மேலோ பணியாற்றும் நிறுவனங்கள் குறிப்பிட்ட விகிதத்தில் பழகுநர்களை எடுத்தாக வேண்டும். 2019-ஆம் ஆண்டு விதிகள் டிப்ளமோ பழகுநருக்கு மாதம் குறைந்தது 8,000 ரூபாய் உதவித்தொகை என்று வகுத்தன. அதில் குறைந்தபட்சத் தொகையின் பாதியை மத்திய அரசு ஏற்கிறது. தென்மண்டலத் தொழில் பழகுநர் பயிற்சி வாரியத்தின் அலுவலகமும் தரமணியில்தான் இருக்கிறது. இந்த ஓராண்டுப் பயிற்சியைக் குறைந்த சம்பள வேலை என்று எண்ணிப் பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். உண்மையில் அனுபவம் கேட்கும் விளம்பரங்களுக்கு முன்னால் அனுபவம் இல்லாமல் நிற்பவருக்கு, சட்டப்படி பதிவான ஓராண்டு அனுபவத்தைத் தரும் ஏற்பாடு வேறெதுவும் இல்லை. பழகுநரைக் காபி எடுத்துவரவும் நகல் எடுக்கவும் மட்டும் பயன்படுத்தும் இடங்கள் உண்டு என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. சேருமுன் அங்கே முந்தைய ஆண்டு இருந்தவரைத் தேடிப் பேசுவது நல்லது.

பட்டம் இல்லாமல் மென்பொருள் எழுத முடியாது என்ற எண்ணத்துக்கு நேரான மறுப்பு தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. ஸ்ரீதர் வேம்புவின் நிறுவனம், அட்வென்ட்நெட் என்ற பெயரில் இயங்கிவந்த 2000களின் நடுவில், ஆறு மாணவர்களைக் கொண்டு ஒரு பயிற்சிப் பள்ளியைத் தொடங்கியது. அதுவே இன்றைய சோகோ ஸ்கூல்ஸ். பிளஸ் டூவோ டிப்ளமோவோ முடித்தவர்களைக் கட்டணம் இன்றிச் சேர்த்து, உதவித்தொகையும் கொடுத்து, பயிற்சி முடித்தபின் அந்த நிறுவனத்திலேயே வேலைக்கு வைத்துக்கொள்கிறார்கள். தென்காசி வட்டாரத்திலும் அந்தப் பள்ளி நடக்கிறது. எச்.சி.எல். 2017-இல் தொடங்கிய டெக்பீ திட்டம் பிளஸ் டூ மாணவர்களை எடுத்துப் பயிற்சியும் வேலையும் கொடுத்து, வேலையோடு பட்டம் படிக்கவும் ஏற்பாடு செய்கிறது. இரண்டுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. சோகோ தன் சொந்த மென்பொருளை விற்கும் நிறுவனம். ஆளை வெளிநாட்டுக்கு அனுப்பிச் சம்பாதிக்க வேண்டிய தேவை அதற்குக் குறைவு, ஆகவே பட்டத்தைப் பொருட்படுத்தாமல் இருக்க முடிகிறது. சேவை நிறுவனமான எச்.சி.எல்., பட்டம் இல்லாத ஒருவரை எடுத்தாலும் பட்டத்தைப் பின்னால் சேர்த்துக்கொள்கிறது. பட்டம் கேட்கப்படுவது அறிவுக்காகவா, தொழிலின் கட்டாயத்துக்காகவா என்பதை இந்த வேறுபாடு காட்டிவிடுகிறது. இத்தகைய பள்ளிகளில் இடம் குறைவு என்பதும், அங்கே கற்பது அந்தந்த நிறுவனத்தின் தேவையை ஒட்டியது என்பதும் வேறு செய்தி.

டிப்ளமோ என்ற பெயரே ஏமாற்றும் இடமும் ஒன்றுண்டு. தெருமுனைக் கணினிப் பயிற்சி நிலையங்கள் ஆறு மாதப் படிப்புக்கும் அந்தப் பெயரையே வைக்கின்றன. 1990களில் இத்தகைய நிலையங்கள் கொழித்தன. 2001-ஐ ஒட்டி மென்பொருள் துறை சரிந்தபோது பல மூடப்பட்டன. தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் தேர்வு நடத்திச் சான்றளிக்கும் மூன்றாண்டுப் படிப்புக்கும் இவற்றுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஐ.டி.ஐ.யில் உள்ள கோபா எனப்படும் ஓராண்டுப் பயிற்சி அரசின் தேசியச் சான்றிதழ் கொண்டது. ஆனால் அலுவலகக் கணினியை இயக்குவதற்கும் அடிப்படை நிரலாக்கத்துக்கும் மேல் அது கொண்டுபோகாது. தட்டச்சர் அரசுப் பணிக்குக் கேட்கப்படும் கம்ப்யூட்டர் ஆன் ஆபிஸ் ஆட்டோமேஷன் சான்றிதழ் வேறு வகை. அதைப் பெற்றவர் ஐ.டி. துறைக்குத் தகுதி பெற்றதாக எண்ணிக்கொள்ளக் கூடாது.

அண்மை ஆண்டுகளில் அரசு இந்த இடைவெளியை உணர்ந்து சில ஏற்பாடுகளைச் செய்திருக்கிறது. 2022 மார்ச் முதல் நாள் தொடங்கப்பட்ட நான் முதல்வன் திட்டத்தின் கீழ் நிறுவனங்கள் வடிவமைத்த திறன் பாடங்கள் பாலிடெக்னிக்குகளுக்கும் வந்தன. அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குப் போகும் மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டமும், மாணவருக்காக 2024 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட தமிழ்ப் புதல்வன் திட்டமும் டிப்ளமோவுக்கும் பொருந்தும். பெண்களுக்கான பாலிடெக்னிக்குகளில் இதன் பயன் கண்கூடு. பஸ் செலவுக்கு வீட்டில் கேட்க வேண்டியதில்லை என்ற நிலையே சிலரின் படிப்பைக் காப்பாற்றும்.

இப்போது பாலிடெக்னிக் பிரிவுகளின் பெயர்ப்பலகையில் செயற்கை நுண்ணறிவு, கிளவுட், இணையப் பாதுகாப்பு ஆகிய சொற்கள் ஏறிவருகின்றன. பெயரைப் பார்த்துச் சேர்வதைவிட, அந்தக் கல்லூரியில் ஆய்வகம் மாலை ஐந்து மணிக்குப் பிறகும் திறந்திருக்கிறதா, சென்ற ஆண்டு மாணவர்கள் செய்த ப்ராஜெக்ட்டை அவர்களே இயக்கிக் காட்டுவார்களா, எத்தனை பேர் பழகுநர் பயிற்சிக்குப் போனார்கள், லேட்டரல் என்ட்ரியில் எந்தெந்தக் கல்லூரிகளில் இடம் கிடைத்தது என்று விசாரிப்பது பயன் தரும். சர்வீஸ் டெஸ்க்கின் எல்-1 வேலையில் கடவுச்சொல் மாற்றித் தருவது போன்ற எளிய பணிகளைத் தானியங்கி நிரல்கள் எடுத்துக்கொள்ளத் தொடங்கிவிட்டதால், அந்த நிலையில் மட்டும் நிற்கத் திட்டமிடுவது இனி ஆபத்து. மாறாக, ரேக்கில் உள்ள சர்வரைக் கையால் தொட்டு மாற்ற வேண்டிய வேலையும், கேபிள் எங்கே அறுந்தது என்று தேடிப்போக வேண்டிய வேலையும் அவ்வளவு விரைவில் மறையப்போவதில்லை. அப்படி வேலையில் சேர்ந்தவர் பின்னாளில் பட்டம் தேவை என்று உணர்ந்தால், பணியிலிருக்கும் டிப்ளமோக்காரர்களுக்கென்றே சில கல்லூரிகள் மாலைநேரப் பகுதிநேர பி.இ. நடத்துகின்றன. கோவையில் பகலில் ஆலையிலும் மாலையில் வகுப்பிலும் இருந்து பொறியாளரான மெக்கானிக்கல்காரர்கள் ஏராளம். கணினிக்காரர்களும் அந்த வழியில் போகலாம்.